மோட்சத்துக்கு எத்தனை வாசல்?

பரங்கிக்காய் தெரியும், பரங்கிமலை தெரியும். 'பரங்கி' யாருன்னு கேட்டா நம்ம ஆளுங்க 'வெள்ளைக்காரன்'னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. ஐரோப்பாவின் 'ஃபிராங்க்' இனத்துப் பேர் அரபி, பாரசீகம் வழியா சுத்தி வந்து இங்கே பரங்கி ஆச்சு. 1600 வாக்கில் மதுரையில் அந்த வார்த்தைக்கு நிறம் மட்டும் அர்த்தம் இல்லை. மாட்டுக்கறி சாப்பிடுறவன், குடிக்கிறவன், குளிக்காதவன், யாரோடும் புழங்குறவன், மொத்தத்தில் குலம் கெட்டவன். அவ்வளவும் அந்த ஒரு வார்த்தைக்குள்ள இருந்தது.

இந்தப் பதிவு அந்த வார்த்தையால் வந்த ஒரு சண்டையைப் பத்தி. நடந்தது நம்ம மதுரையில். பஞ்சாயத்து ரோம் வரைக்கும் போச்சு.

டிஸ்கி: எந்த மதம் சரி, எது தப்புங்கிற பதிவு இல்லை இது. மதமாற்றம் பத்தின வழக்கமான குடுமிப்பிடியை ஆரம்பிக்காதீங்க மக்களே. (குடுமி இந்தக் கதையில் உண்மையாவே வரும், கொஞ்சம் பொறுங்க.)

சண்டை புரியணும்னா முதலில் கிறிஸ்தவத்தின் ஒரு அடிப்படை நம்பிக்கை புரியணும். மனுஷனாப் பிறந்த எல்லாருமே ஆதாமின் பாவத்தில் பங்கு உள்ளவங்க. ராஜா, பிச்சைக்காரன், படிச்சவன், படிக்காதவன், நல்லவன், கெட்டவன் எல்லாரும். அந்தக் கடனை எவனும் தன் சொந்த முயற்சியால் அடைக்க முடியாது. கிறிஸ்து அடைச்சார், அவரை விசுவாசிச்சா மீட்பு. பவுல் ரோமருக்கு எழுதின கடிதத்தில் இருந்து வர்ற சங்கிலி இது. விசுவாசம் மட்டும் போதும்னு லூத்தர் 1517க்கு அப்புறம் பெரிய ரகளை பண்ணினார். விசுவாசத்தோடு திருவருட்சாதனங்களும் நற்செயல்களும் வேணும்னு திரெந்து சங்கத்தில் (1545-1563) கத்தோலிக்கத் திருச்சபை பதில் சொன்னது. ஆனா 'எல்லாருக்கும் மீட்பு தேவை'ங்கிற முதல் வரியில் ரெண்டு தரப்புக்கும் சண்டையே கிடையாது.

கேட்க ரொம்ப சமத்துவமா இருக்குல்ல? எல்லாரும் ஒரே குழியில் கிடக்கோம், ஒரே கயிறுதான் இருக்கு. ஆனா இதே வாக்கியத்தின் மறுபக்கம் பயங்கரமானது. கயிறைப் பத்திக் கேள்வியே படாமல் செத்தவங்க கதி என்ன? நம்ம முத்துக்குளித்துறைப் பரதவர் மத்தியில் வேலை செஞ்ச பிரான்சிஸ் சவேரியார் பிறகு ஜப்பான் போனார். தங்கள் முன்னோருக்கு விடுதலையே இல்லைன்னு கேட்டு ஜப்பானியக் கிறிஸ்தவர்கள் அழுததை 1552-இல் எழுதின கடிதத்தில் பதிவு பண்ணியிருக்கார். தாத்தா பாட்டியை விட்டுட்டு நான் மட்டும் மோட்சம் போய் என்ன பண்றதுன்னு எந்த ஊர்க்காரனுக்கும் தோணும்தானே.

சரி, மதுரைக்கு வருவோம்.

1590களின் நடுவில் இருந்து மதுரையில் ஒரு சின்னக் கோயில் இருந்தது. நாயக்கர் ஆட்சி, திருமலை நாயக்கர் மகால் எல்லாம் இன்னும் கட்டப்படலை. கோயிலைப் பார்த்துக்கிட்டவர் கொன்சாலோ பெர்னாண்டஸ். போர்த்துக்கீசியர், சாமியாராகும் முன்னாடி சிப்பாய். கடற்கரையில் இருந்து வியாபாரத்துக்கு வந்து போற பரதவக் கிறிஸ்தவர்களுக்குப் பூசை வைக்கிறது, ஒரு பள்ளிக்கூடம், ஒரு சின்ன வைத்தியசாலை. மனுஷன் நல்லவர், ஊரில் மரியாதையும் இருந்தது. ஆனா பதினோரு வருஷத்தில் மதுரைக்காரர் ஒருத்தரைக்கூட கிறிஸ்தவராக்க முடியலை. 'கிறிஸ்தவனாகுறது'ன்னா ஊர்க்காரங்க காதில் 'பரங்கிக் குலத்தில் சேருறது'ன்னுதான் விழுந்தது. அவர் பேசினது விசுவாசம், இவங்க கேட்டது குலம். யார் வருவாங்க?

1606 நவம்பரில் ராபர்ட் தெ நொபிலி வந்து சேர்ந்தார். இத்தாலிக்காரர், பிரபு வம்சம். கர்தினால் பெல்லார்மின் அவருக்கு உறவு. (1616-இல் கலிலியோவைக் கூப்பிட்டு 'பூமி சுத்துதுன்னு சொல்லாதே'ன்னு எச்சரிச்சாரே, அதே பெல்லார்மின்தான்.) வந்தப்போ நொபிலிக்கு வயசு 29. கிட்டத்தட்ட என் வயசு. நான் இன்னும் ஆன்சைட் போகலாமா வேண்டாமான்னு ரெண்டு வருஷமா யோசிச்சிக்கிட்டு இருக்கேன், அதை விடுங்க.

நொபிலி சீக்கிரமே விஷயத்தைப் பிடிச்சிட்டார். கறுப்பு அங்கியைக் கழட்டினார். காவி, பாதக்குறடு, கமண்டலம், ஒரு வேளைச் சோறு காய்கறி, சமைக்கப் பிராமணர். கொஞ்ச காலம் பூணூலும் போட்டிருந்தார். தமிழும் தெலுங்கும் படிச்சார். சிவதர்மர்னு ஒரு தெலுங்குப் பிராமணர் அவருக்கு வடமொழி சொல்லிக்கொடுத்தார். பிறகு 1609-இல் அவரே ஞானஸ்நானம் வாங்கினார். ஓலையில் ஒரு அறிவிப்பும் எழுதி வெச்சார் நொபிலி. சாரம் இதுதான்: நான் பரங்கி இல்லை, அவங்க நாட்டில் பிறக்கவும் இல்லை, ரோமாபுரியில் உயர்ந்த குலத்தில் பிறந்தவன்; நான் சொல்ற வேதத்தில் சேர்ந்தா யாரும் தன் சாதியை விட வேண்டியதில்லை.

கடைசி வரியை இன்னொரு தடவை படிங்க. அடுத்த மூணு நூறு வருஷத்துச் சிக்கலும் அந்த ஒரு வரியில் இருக்கு.

அவரோட முதல் சீடர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். தினமும் நாலஞ்சு மணி நேரமா இருபது நாள் விவாதம் நடந்ததாம். கடவுள் ஒருவரா பலரா, உலகம் எதிலிருந்து வந்தது, மறுபிறவி உண்டா இல்லையான்னு. இருபது நாள்! நாலு பின்னூட்டத்திலேயே கெட்ட வார்த்தைக்கு வந்துடுற நாம நினைச்சுப் பார்க்கணும். :-) கடைசியில் வாத்தியார் ஞானஸ்நானம் வாங்கி ஆல்பர்ட் ஆனார்.

மறுபிறவி விஷயத்தில் கொஞ்சம் நிக்கணும். நொபிலி 'புனர்ஜென்ம ஆக்ஷேபம்'னு தமிழில் ஒரு நூலே எழுதியிருக்கார். ஏன் அதுக்கு அவ்வளவு முக்கியத்துவம்? கர்மக் கணக்கில் ஒவ்வொருத்தருக்கும் தனி லெட்ஜர். இந்தப் பிறவியில் அடைக்கலைன்னா அடுத்த பிறவி. அவசரம் கிடையாது, வெளியிலிருந்து ஒருத்தர் வந்து கடன் அடைக்க வேண்டிய தேவையும் இல்லை. 'எல்லாருக்கும் மீட்பர் தேவை'ங்கிற கதவு இந்த வீட்டில் திறக்கவே திறக்காது. ஒரே பிறவி, எல்லாருக்கும் பொதுவான ஒரே பழைய கடன்னு முதலில் நிலைநாட்டினால்தான் மிச்சம் எல்லாம் நிக்கும். அதனால்தான் நொபிலி சுத்தி வளைக்காம அஸ்திவாரத்திலேயே கை வெச்சார்.

இங்கேதான் எனக்கு ஆச்சரியம். மறுபிறவியை மறுத்தா அதோடு இன்னொண்ணும் விழணும். 'போன பிறவியில் பாவம் பண்ணினதால்தான் நீ இந்தச் சாதியில் பிறந்தே'ங்கிற நியாயம். தாழ்ந்த குலத்தில் பிறந்தவனைப் பார்த்து இனி யாரும் முன்வினைன்னு சொல்ல முடியாது. நொபிலி அந்த வேரைத் தர்க்கத்தால் வெட்டினார். மரத்தை மட்டும் அப்படியே நிக்க விட்டார். ஏற்றத்தாழ்வு சமூகம் நடக்க வேண்டிய உலக வழக்கம், வேதத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லைன்னு ஒதுக்கிட்டார். குடுமி, பூணூல், சந்தனம், குளியல் எல்லாம் குல அடையாளம், மத அடையாளம் இல்லைங்கிறதுதான் அவர் வாதம். நம்ம தொழில் பாஷையில் சொன்னா, இது வெறும் லோகலைசேஷன், கோர் கோடில் கை வைக்கலைன்னு கிளையன்ட்டுக்கு விளக்கம் கொடுத்தார்.

கொன்சாலோ ஒத்துக்கலை. நொபிலி தனி வீடு, தனிக் கோயில்னு போனதும், அவர் சீடர்கள் பரதவர் வர்ற பழைய கோயில் பக்கமே வராததும் அவருக்கு நெருடியது. 1610-இல் மேலிடத்துக்குப் பெட்டிஷன் தட்டிவிட்டார். புகாரில் ரெண்டு சமாச்சாரம். ஒண்ணு, பூணூல் குடுமி எல்லாம் விக்கிரக வழிபாட்டின் அடையாளம். ரெண்டாவது, ஒரே ஊரில் ரெண்டு கிறிஸ்தவர் கூட்டம், ஒண்ணுக்கொண்ணு ஒட்டு உறவே இல்லை.

பொதுவா இந்தக் கதையை எழுதுறவங்க கொன்சாலோவைக் குறுகின புத்திக்காரராக் காட்டிட்டு, நொபிலியைத் தூக்கி வெச்சுக் கொண்டாடுவாங்க. நொபிலி மேதை, மறுப்பே இல்லை. ஆரம்பகாலத் தமிழ் உரைநடையில் அவருக்குப் பெரிய இடம் இருக்கு. ஞானோபதேசம், ஆத்தும நிர்ணயம், தூஷணத் திக்காரம்னு எழுதித் தள்ளியிருக்கார். ஆனா அந்த ரெண்டாவது புகாரைப் படிக்கும்போது என் ஓட்டு கொன்சாலோவுக்குத்தான். எல்லாரும் ஒரே மாதிரி பாவி, எல்லாருக்கும் ஒரே மீட்பர்னு சொல்லிட்டு, பூசைக்கு மட்டும் தனித்தனிக் கூரைன்னா, சொன்னதுக்கு என்ன அர்த்தம்? பரதவர் மேல் கொன்சாலோவுக்குத் தனி கரிசனம் இருந்ததாலா, நொபிலி மேல் கடுப்பாலா, எதனால் எழுதினாலும் கேள்வி கேள்விதான். சுவாரசியம் என்னன்னா, இதே மனுஷன் 1616-இல் பிராமணச் சடங்குகளைப் பத்திப் போர்த்துக்கீசிய மொழியில் ஒரு பெரிய நூலே எழுதி வெச்சிட்டுப் போயிருக்கார். எதிரியை மடக்கறதுக்காகவே ஹோம்வொர்க் பண்ணின ஆள்!

வழக்கு கோவாவுக்குப் போச்சு. 1619-இல் அங்கே சபை கூடி விவாதிச்சாங்க. பேராயர் நொபிலிக்கு எதிர்; ஆனா விசாரணை மன்ற அதிகாரி ஒருவரே அவருக்கு ஆதரவா நின்னார். பெல்லார்மின் முதலில் கோபப்பட்டு, விளக்கக் கடிதம் வந்ததும் மனசு மாறினார். கடைசியில் 1623 ஜனவரி 31-இல் பதினைந்தாம் கிரகோரி பாப்பரசர் தீர்ப்பு எழுதினார்: மூடநம்பிக்கை கலக்காம இருந்தா பூணூல், குடுமி, சந்தனம், குளியல் எல்லாம் வெச்சிக்கலாம். நொபிலிக்கு வெற்றி.

அந்த ஆணையின் கடைசிப் பகுதியை அதிகம் பேர் பேசறதில்லை. குலப்பெருமை உள்ளவங்க தாழ்ந்தவங்களை இகழ வேண்டாம், வேதம் கேட்கறதுக்கும் திருவருட்சாதனம் வாங்கறதுக்கும் கோயிலில் அவங்களைப் பிரிச்சு வைக்க வேண்டாம்னு பாப்பரசர் மன்றாடிக் கேட்டுக்கிட்டார். குடுமிக்கு அனுமதியாக் கிடைச்சது, இதுக்கு வேண்டுகோளாத்தான் கிடைச்சது. அனுமதியை எல்லாரும் எடுத்துக்கிட்டாங்க. வேண்டுகோள் தாளிலேயே இருந்தது.

மிஷன் வளர வளர நிலைமை என்ன ஆச்சுன்னா, உயர்சாதிக்காரர்களுக்குன்னு வந்த சந்நியாசி குருக்கள் பறையர் வீதியில் கால் வைக்க முடியாது. வெச்சா அடுத்த நாள் பிராமண, வேளாளச் சீடர்கள் வர மாட்டாங்க. விருப்பப்பட்ட பறையர்களை நொபிலி ராத்திரியில் போய்ச் சந்திச்சார். பகலில் தத்துவ போதகர், இருட்டினதும் ஒளிஞ்சு போற சாமியார். இதுக்கு ஒரு நிரந்தர ஏற்பாடா 1640-இல் பண்டாரசாமிகள் வந்தாங்க. முதல் ஆள் பல்தசார் த கோஸ்தா. சைவப் பண்டாரங்களைப் போல உடை, எல்லாச் சாதியாரோடும் பழகலாம். சந்நியாசி ஒரு பிரிவுக்கு, பண்டாரசாமி மத்தவங்களுக்கு. கூட்டம் பெருகினது பெரும்பாலும் பண்டாரசாமிகளாலதான். அதே 1640-இல் நொபிலி மதுரையில் சிறையிலும் இருந்தார். கடைசிக் காலத்தில் கண் பார்வை மங்கி, யாழ்ப்பாணம் போய், மயிலாப்பூரில் 1656-இல் இறந்தார்.

நொபிலிக்குப் பதிலா இன்னொருத்தர் இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பார்? மதுரையில் சாதியை எதிர்த்துக்கிட்டு அன்னைக்கு ஒரு நாள் தாக்குப் பிடிக்க முடியாதுங்கிறதும் உண்மை. ஆனா தற்காலிகமா வெச்ச ஏற்பாடுதான் எப்பவும் புரொடக்ஷன்ல நிரந்தரமா தங்கும். இது எந்த சாஃப்ட்வேர்க்காரனுக்கும் தெரியும்.

ராத்திரிப் பயணமா இருந்தது அடுத்த நூற்றாண்டில் சுவராச்சு. 1744-இல் பதினான்காம் பெனடிக்ட் பாப்பரசர், பறையர்களும் மத்தவங்களும் ஒரே கோயிலில் ஒண்ணாப் பூசை காணணும்னு ஆணையிட்டார். அடுத்த வருஷமே, 1745-இல், புதுச்சேரிக் கோயிலில் பறையரைப் பிரிச்சு வெச்சிருந்த சுவரை இடிச்சதும், உடனே சாதிக் கிறிஸ்தவர்கள் கொதிச்சதும் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் இருக்கு. தெற்கே திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்தில் 1872-இல் கட்டின கோயிலுக்கு 'கால்சட்டைக் கோயில்'னு பேர். ஒரு பீடம், அதில் இருந்து பிரியுற ரெண்டு கால். ஒரு காலில் வேளாளரும் முதலியாரும், மறு காலில் நாடாரும் மத்தவங்களும். நற்கருணை ஒண்ணு, ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியாது! கட்டினவன் மட்டும் சாதாரண மேஸ்திரி இல்லை. 1910-இல் நடுச்சுவரை இடிச்சாங்க. உயர்சாதியார் கோர்ட்டுக்குப் போய் மெட்ராஸ் ஹைகோர்ட் வரைக்கும் இழுத்தாங்க, தோத்தாங்க.

கத்தோலிக்கர் மட்டுமான்னு கேட்டா, இல்லை. விசுவாசம் மட்டும் போதும்னு வந்த புராட்டஸ்டண்டுகளுக்கும் இதே தலைவலிதான். 1833-இல் ஆங்கிலிக்கன் பிஷப் வில்சன் சபைக்குள் சாதி கூடாதுன்னு சுற்றறிக்கை விட்டப்போ, தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் எதிர்த்து நின்னார். அவர் பாட்டைப் பாடாத தமிழ்ச் சபை கிடையாது. அவ்வளவு பெரிய பக்திக் கவிஞருக்கே மீட்பு வேற, பந்தி வேறன்னு தோணியிருக்கு.

மதுரைக்கு அமெரிக்கன் மிஷன்காரங்க 1834-இல் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தாங்க. இன்ஜினியரிங் படிச்ச நாலு வருஷமும் தினம் பசுமலை தாண்டித்தான் எனக்கு பஸ். அங்கே அவங்க கட்டின கட்டடங்களை ஜன்னல் வழியாப் பார்த்துக்கிட்டே போனதோட சரி, உள்ளே என்ன நடந்ததுன்னு அப்போ தெரியாது. 1847-இல் அவங்க ஒரு முடிவெடுத்தாங்க: சாதியை விடாதவருக்குச் சபையில் இடமில்லை. விட்டதை எப்படிக் கண்டுபிடிக்கிறது? வாயால் சொன்னா யார் வேணாலும் சொல்லிடுவான். அதனால் சோறு. எந்தச் சாதியார் சமைச்சதா இருந்தாலும் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடணும். பல உபதேசிமார், வருஷக்கணக்காப் பிரசங்கம் பண்ணினவங்க, இலையில் உட்காராம எழுந்து போயிட்டாங்க. திரித்துவத்தை நம்ப முடிஞ்சது, பக்கத்து இலையை நம்ப முடியலை.

அந்தச் சோத்துக் கதைக்கு மதுரையிலேயே ஒரு தொடர்ச்சி இருக்கு. அரசரடியில் 1969-இல் தொடங்கின தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவுன்னு ஒருத்தர் ஆசிரியரா இருந்தார். 'பரட்டை'ன்னு சொன்னாத்தான் பல பேருக்குத் தெரியும். தலித் இறையியலைப் புத்தகத்தில் எழுதறதோட விடாம, பறையடிச்சு நாட்டுப்புற மெட்டில் வழிபாட்டுப் பாட்டு கட்டினவர், 2005-இல் இறந்துட்டார். அவர் அடிக்கடி சொன்னது 'ஒரே உலை'. தனித்தனி வீட்டுச் சோறு வேண்டாம், ஒரே பானையில் பொங்கி எல்லாரும் திங்கணும், நற்கருணைக்கு அர்த்தம் அதுதான். 1847-இல் வெள்ளைக்காரத் துரை பரீட்சையா வெச்சதை, இவர் விருந்தா மாத்தினார்னு எனக்குத் தோணுது. ரெண்டுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கு. பரீட்சையில் தோத்தவன் வெளியே போகணும். உலைக்கு அரிசி கொண்டு வர்றவன் உள்ளே வர்றான்.

கேள்விப்படாமலே செத்த தாத்தா பாட்டி என்ன ஆனாங்கங்கிற ஜப்பான் கேள்விக்கு ரோம் 1964-இல் கொஞ்சம் கதவைத் திறந்தது. தன் குற்றம் இல்லாமல் சுவிசேஷத்தை அறியாமப் போனவங்க நேர்மனசோட கடவுளைத் தேடினா அவங்களுக்கும் மீட்பு கிடைக்கலாம்னு இரண்டாம் வத்திக்கான் சங்கம் எழுதினது. விசுவாசமா நற்செயலாங்கிற சண்டையில் லூத்தரன்களும் கத்தோலிக்கர்களும் 1999-இல் கூட்டறிக்கையில் கையெழுத்துப் போட்டாங்க. நானூத்தி எழுபது வருஷத்துக்கு மேல் ஆன ஐரோப்பியச் சண்டை பேப்பரில் முடிஞ்சது.

நம்ம ஊர்ச் சண்டை? 2008 மார்ச்சில் விழுப்புரம் மாவட்டம் எறையூரில், ஒரே கத்தோலிக்கப் பங்கில், தனிப் பங்கு கேட்ட தலித் கிறிஸ்தவர்களுக்கும் வன்னியர் கிறிஸ்தவர்களுக்கும் மோதல். போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் ரெண்டு பேர் செத்தாங்க. கோயிலுக்கு எந்தத் தெரு வழியா வர்றது, பிணத்தை எந்தத் தெரு வழியா எடுத்துட்டுப் போறதுங்கிறதும் அந்தத் தகராறில் உண்டு.

பதிவு நீண்டுடுச்சு. அருளானந்தர்னு பேர் மாத்திக்கிட்டு வந்து 1693-இல் ஓரியூரில் தலை போன ஜான் டி பிரிட்டோவை வேணும்னே இதில் தொடலை. அவர் பண்டாரசாமியா வேலை செஞ்சவர், சேதுபதியோட அவருக்கு என்ன தகராறுங்கிறது தனிக் கதை. அடுத்த வாரம் ஆணி கம்மியா இருந்தா எழுதறேன்.